மாதிரிக் குயில்ட்

மாதிரிக் குயில்ட் என்பது, ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவமைப்பைக் கொண்ட பல துணிக் கட்டங்களை இணைத்து உருவாக்கப்படும் ஒட்டுத்துணிப் போர்வை ஆகும். ஆங்கிலப் பெயரைத் தழுவி இது சாம்ப்ளர் குயில்ட் எனவும் அழைக்கப்படுகின்றது. பொதுவான குயில்ட்டுகளில் ஒரே வடிவமைப்பு திரும்பத் திரும்ப இடம்பெறும். மாதிரிக் குயில்ட்டிலோ ஒரு வடிவமைப்பு பெரும்பாலும் ஒரு முறை மட்டுமே வரும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் குயில்ட் தைக்கக் கற்போரின் முதல் பெரிய வேலையாக இது நெடுங்காலமாக இருந்து வருகின்றது.

இதன் கற்பித்தல் முறை எளிமையானது. ஒவ்வொரு கட்டமும் ஒரு புதிய நுட்பத்தை அறிமுகப்படுத்துகின்றது. ஆயினும், எந்த நுட்பத்தால் தைக்கப்பட்டாலும் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் முடிய வேண்டும். இல்லையெனில் அவற்றை ஒன்றாக இணைக்க முடியாது. இந்தப் பொது அளவே கற்பவரின் திறனைச் சோதிக்கும் அளவுகோலாக அமைகின்றது.

குயில்ட்டின் அமைப்பு

குயில்ட் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே வேலைப்பாடு அமைந்த மேல்துணியும், நடுவில் பருத்தி, கம்பளி அல்லது பாலியெசுத்தரால் ஆன பஞ்சுப் படலமும், கீழே அடித்துணியும் இருக்கும். இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அடுக்குத் தையல் எனப்படும். இத்தையலே ஒரு துணியைக் குயில்ட் ஆக்குகின்றது. மேல்துணியில் ஒட்டு வேலை இல்லாத, முழுத் துணியாலான குயில்ட்டுகளும் உண்டு.

மேல்துணியை உருவாக்க இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன. துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது துண்டிணைப்பு. ஒரு துணியின் மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைப்பது மேலொட்டு வேலை. மாதிரிக் குயில்ட்டில் இவ்விரு வழிகளும் அருகருகே இடம்பெறுவது வழக்கம்.

பெயர்

குயில்ட் என்னும் சொல், மெத்தை என்று பொருள்படும் குல்சிட்டா என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாம்ப்ளர் என்பது எடுத்துக்காட்டு, மாதிரி என்னும் பொருள்களைத் தரும் எக்செம்ப்ளம் என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஐரோப்பாவில் இச்சொல் முதலில் பூத்தையல் மாதிரித் துணியைக் குறித்தது. அச்சிட்ட மாதிரி நூல்கள் அரிதாயிருந்த காலத்தில், தையல் வகைகளையும் உருவங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு துணியில் அவற்றைத் தைத்து வைத்தனர். இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சேன் பொசுட்டொக் என்பவரின் மாதிரித் துணி 1598 ஆம் ஆண்டைக் குறிப்பிடுகின்றது. ஆண்டு பொறிக்கப்பட்ட ஆங்கிலேய மாதிரித் துணிகளுள் காலத்தால் முந்தியதாக அறியப்படுவது இதுவாகும். 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் மாதிரித் துணி சிறுமியரின் பாடமாக மாறியது. அவர்கள் அதன் மூலம் எழுத்துகளையும் எண்களையும் தையலையும் ஒருங்கே கற்றனர்.

வரலாறு

தொடக்க காலம்

அடுக்குத் தையல் ஒட்டுத்துணி வேலையை விடத் தனியான, பழமையான வரலாறு கொண்டது. 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்டதும், திரிசுத்தான் கதைக் காட்சிகளைக் கொண்டதுமான குயில்ட் ஒன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஒட்டு வேலை அன்று; வெற்றுத் துணியில் புடைப்பாக எழுப்பப்பட்ட தையல் வேலையாகும்.

இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் பழைய ஒட்டுத்துணிக் குயில்ட்டுகளுள் ஒன்று, கும்பிரியாவின் லெவன்சு மாளிகையில் உள்ளது. இது ஏறத்தாழ 1708 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து சென்ற சீட்டித் துணிகளால் ஆனது. அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான, கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் விலைமதிப்பு மிக்கவையாக இருந்தன. அவற்றின் சிறு துண்டுகளையும் வீணாக்காது சேர்த்தனர். சீட்டித் துணியிலுள்ள பூக்களையும் பறவைகளையும் வெட்டி வேறு துணிமேல் தைக்கும் முறை, பாரசீகப் பூவேலை எனப் பொருள்படும் புரோதரி பெர்சு என்னும் பிரெஞ்சுப் பெயரைப் பெற்றது.

19 ஆம் நூற்றாண்டு

குயில்ட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தைக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் பரவலானது. ஒரு கட்டத்தை மடியில் வைத்தே தைத்து முடிக்கலாம் என்பதும், அதற்குப் பெரிய இடம் தேவையில்லை என்பதும், பலர் ஆளுக்கொரு கட்டம் தைத்துத் தரலாம் என்பதும் இம்முறையின் வசதிகளாகும்.

கட்ட முறையிலிருந்து தொகுப்புக் குயில்ட் தோன்றியது. இடம்பெயர்ந்து செல்லும் நண்பருக்கோ, பணிமாறிச் செல்லும் போதகருக்கோ, மணப்பெண்ணுக்கோ பலர் தத்தம் பெயரை மையால் எழுதிய கட்டங்களைத் தைத்து வழங்கினர். மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரில் 1840களிலும் 1850களிலும் செய்யப்பட்ட தொகுப்புக் குயில்ட்டுகள் மேலொட்டு வேலையின் நுணுக்கத்துக்குப் பெயர்பெற்றவை. இவற்றிலும் ஒவ்வொரு கட்டமும் வேறுபட்டிருப்பதால் தோற்றத்தில் மாதிரிக் குயில்ட்டை ஒத்திருக்கும். எனினும் தொகுப்புக் குயில்ட்டின் நோக்கம் நினைவுப் பரிசு. மாதிரிக் குயில்ட்டின் நோக்கம் வடிவங்களைத் திரட்டுவதும் நுட்பங்களைப் பயில்வதும் ஆகும்.

சேன் இசுட்டிக்கிலின் குயில்ட்

பழைய மாதிரிக் குயில்ட்டுகளுள் மிகவும் புகழ்பெற்றது, வெர்மான்ட் மாநிலத்தின் சாப்ட்சுபரியில் வாழ்ந்த சேன் ஏ. இசுட்டிக்கில் என்பவர் 1863 ஆம் ஆண்டில் முடித்த குயில்ட் ஆகும். இதில் 169 சிறு சதுரக் கட்டங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றிக் கரையாக 52 முக்கோணங்களும் மூலைகளில் 4 துண்டுகளும் அமைந்துள்ளன. ஆக மொத்தம் 225 பகுதிகள். ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலத்துக்கும் குறைவான அளவுடையது.

இக்குயில்ட்டின் ஒரு மூலையில், இது போர்க்காலத்தில் செய்யப்பட்டது என்பதும், 1863 என்னும் ஆண்டும், 5602 துண்டுகள் என்னும் எண்ணிக்கையும், செய்தவரின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இக்குயில்ட் வெர்மான்ட்டில் உள்ள பெனிங்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. ஒளியால் துணி நலிவடையும் என்பதால் ஆண்டில் குறுகிய காலம் மட்டுமே காட்சிக்கு வைக்கப்படுவது வழக்கம். பிரெண்டா மாஞ்சசு பாப்பதாகிசு இதன் வடிவங்களை வரைந்து 1996 இல் "டியர் சேன்" என்னும் நூலாக வெளியிட்டார். அதன் பின்னர் உலகின் பல நாடுகளில் இக்குயில்ட்டைப் படியெடுத்துத் தைப்போர் உருவாயினர்.

அச்சும் மாதிரிக் கட்டங்களும்

அமெரிக்கப் பெண்கள் இதழான கோடீசு லேடீசு புக் 1835 இல் அறுகோண ஒட்டு வடிவம் ஒன்றை வெளியிட்டது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிசு நகரில் இருந்த லேடீசு ஆர்ட் கம்பனி வடிவங்களின் பட்டியலை அச்சிட்டு அஞ்சல் வழி விற்றது. கன்சாசு சிட்டி இசுட்டார் என்னும் செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை குயில்ட் வடிவங்களை வெளியிட்டு வந்தது. ரூபி மெக்கிம் 1931 இல் 101 ஒட்டுத்துணி வடிவங்கள் அடங்கிய நூலை வெளியிட்டார்.

அச்சு வந்த பின்னரும், புதிய வடிவம் ஒன்றைக் கண்டால் அதில் ஒரு கட்டத்தை மட்டும் தைத்து எடுத்து வைக்கும் பழக்கம் நீடித்தது. கன்சாசு மாநிலத்தின் லெவன்வொர்த்தைச் சேர்ந்த கேரி ஏ. ஆல், தமக்குத் தெரியவந்த வடிவங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் தைக்க முற்பட்டு 800க்கும் மேற்பட்ட கட்டங்களைச் சேர்த்தார். அவற்றைக் கொண்டு ரோசு கிரெட்சிங்கருடன் இணைந்து 1935 இல் ஒரு நூலையும் வெளியிட்டார். அக்கட்டங்கள் கன்சாசுப் பல்கலைக்கழகத்தின் இசுப்பென்சர் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. இவை போர்வையாக இணைக்கப்படாத மாதிரிகள். துணியால் ஆன அகராதி போன்றவை. பார்பரா பிராக்மன் 1993 இல் நூலாக வெளியிட்ட துண்டிணைப்பு வடிவங்களின் கலைக்களஞ்சியம் 4000க்கும் மேற்பட்ட வடிவங்களை வகைப்படுத்துகின்றது.

மறுமலர்ச்சி

1971 இல் நியூ யார்க்கின் விட்னி அருங்காட்சியகம், சோனதன் ஓல்சுட்டைன், கெயில் வான்டர் ஊஃப் ஆகியோர் திரட்டிய குயில்ட்டுகளை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிப்படுத்தியது. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவின் விடுதலை இருநூற்றாண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது பழைய கைவினைகள் மீது ஆர்வம் பெருகியது. தாயிடமும் பாட்டியிடமும் கற்கும் வாய்ப்பைப் பெறாத ஒரு தலைமுறையினர் துணிக்கடை வகுப்புகளிலும் முதியோர் கல்வி வகுப்புகளிலும் சேர்ந்தனர். அவ்வகுப்புகளுக்கு, வாரம் ஒரு பாடமாகப் பிரித்துக் கற்பிக்கக்கூடிய மாதிரிக் குயில்ட் பொருத்தமாக அமைந்தது.

1979 இல் சப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருள்வெட்டியை அறிமுகப்படுத்தியது. அட்டை அச்சைத் துணிமீது வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரிக்கோலால் வெட்டும் வேலை இதனால் பெரிதும் குறைந்தது. அமெரிக்காவில் டயானா லியோனும், இங்கிலாந்தில் 1996 இல் லின் எட்வர்ட்சும் மாதிரிக் குயில்ட்டையே பாடத்திட்டமாகக் கொண்ட நூல்களை வெளியிட்டனர். 2009 இல் லோரி ஆரன் இர்டு எழுதிய "தி ஃபார்மர்சு வைஃப் சாம்ப்ளர் குயில்ட்" என்னும் நூல் 6 அங்குல அளவுள்ள 111 கட்டங்களைக் கொண்டது. தம் மகள் ஓர் உழவரை மணப்பதை விரும்புவரா என்னும் கேள்விக்கு உழவர்களின் மனைவியர் 1922 இல் ஓர் இதழுக்கு எழுதிய கடிதங்களையும் அந்நூல் தருகின்றது. தூலா பிங்க் 2013 இல் 100 நவீன கட்டங்கள் அடங்கிய நூலொன்றை வெளியிட்டார்.

கற்பிக்கும் முறை

மாதிரிக் குயில்ட்டின் பாடங்கள் எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்பவை. கற்பவர் ஒரு நேரத்தில் ஒரு புதிய சிக்கலை மட்டுமே எதிர்கொள்ள வேண்டும் என்பது இதன் கோட்பாடு. 12 அங்குலக் கட்டங்கள் பன்னிரண்டைக் கொண்ட ஒரு குயில்ட்டுக்குப் பின்வரும் வரிசை பொருத்தமானது.

1. ஒன்பது துண்டு: ஒன்பது சதுரங்கள். நேர்த்தையல், தையல் மூலைகளைப் பொருத்துதல்.
2. வேலி: நீண்ட பட்டிகளை முதலில் இணைத்துப் பின்னர் குறுக்கே வெட்டுதல்.
3. மத்து: சதுரத்தின் பாதியான முக்கோணங்கள். மூலைவாட்டில் வெட்டிய விளிம்பைக் கையாளுதல்.
4. ஒகையோ விண்மீன்: சதுரத்தின் காற்பகுதியான முக்கோணங்கள். நான்கு முனைகள் ஓரிடத்தில் சந்தித்தல்.
5. இரம்பப்பல் விண்மீன்: பறக்கும் வாத்துகள் எனப்படும் செவ்வக அலகு. முக்கோணத்தின் கூர்முனை மழுங்காமல் தைத்தல்.
6. மரக்குடில்: நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டிகளை அடுக்குதல். வெளிர் நிறத்தையும் அடர் நிறத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்தல்.
7. குடிகாரன் பாதை: வளைந்த விளிம்புகளை இணைத்தல்.
8. லெமோய்ன் விண்மீன்: 45 பாகைக் கோணமுள்ள எட்டுச் சாய்சதுரங்கள். உள்மடிந்த மூலையில் துண்டைப் பொருத்துதல்.
9. பாட்டியின் பூந்தோட்டம்: தாள் அச்சின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் அறுகோணங்கள்.
10. திரெசுடன் தட்டு: வட்டமாக இணைத்த இதழ்கள். 20 இதழ்களாயின் ஒவ்வொன்றும் 18 பாகைக் கோணம் கொண்டிருக்கும்.
11. சாரோனின் ரோசா: விளிம்பை உள்மடித்து ஊசியால் தைக்கும் மேலொட்டு வேலை.
12. மாலுமியின் திசைகாட்டி: தாளில் வரைந்த கோட்டின் மீதே தைத்து உருவாக்கும் மிகக் கூரிய முனைகள்.

இவ்வரிசையில் முதல் ஆறு கட்டங்கள் நேர்கோட்டுத் தையலின் பல்வேறு நிலைகளாகும். ஏழாம் கட்டத்தில் குழிந்த விளிம்பும் புடைத்த விளிம்பும் எதிரெதிராக வருவதால், நடுவையும் இரு முனைகளையும் முதலில் குண்டூசியால் பொருத்திய பின்னரே தைக்க வேண்டும். எட்டாம் கட்டத்தில் தையலைத் துணியின் விளிம்பு வரை கொண்டு செல்லாமல் 1/4 அங்குலத்துக்கு முன்னரே நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்தாவிடில் அடுத்த துண்டு மடிப்பின்றி அமராது. ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ளவற்றில் கைத்தையல் முதன்மை பெறுகின்றது. கடைசிக் கட்டத்தில் துணி தாளின் அடியில் இருப்பதால், வரைந்த வடிவம் துணியில் கண்ணாடி பிம்பம் போல் இடவலம் மாறித் தோன்றும். தாளைப் பின்னர் எளிதில் கிழித்தெடுப்பதற்காகத் தையலின் நீளம் குறைத்து வைக்கப்படும்.

துணியும் கருவிகளும்

குயில்ட் வேலைக்கு நெருக்கமாக நெய்த தூய பருத்தித் துணி விரும்பப்படுகின்றது. அது மடித்த இடத்தில் மடிந்து நிற்கும். இசுத்திரி வெப்பத்தைத் தாங்கும். அடர் நிறத் துணிகளிலிருந்து சாயம் கசியக்கூடும் என்பதால் வெட்டுவதற்கு முன்னரே நனைத்துச் சோதிப்பது நல்லது. ஒன்றை மட்டும் நனைத்துச் சுருங்கவிட்டு மற்றொன்றை நனைக்காமல் பயன்படுத்துவது பின்னர் சுருக்கங்களை உண்டாக்கும்.

துணியின் பாவு நூல் வழியாகவும் ஊடை நூல் வழியாகவும் வெட்டிய விளிம்புகள் குறைவாகவே நீளும். மூலைவாட்டில் வெட்டிய விளிம்பு எளிதில் இழுபடும். ஆகவே கட்டத்தின் வெளிவிளிம்பில் நூலோட்டம் நேராக வருமாறு துண்டுகள் வெட்டப்படுகின்றன. இசுத்திரிப் பெட்டியையும் துணிமீது முன்னும் பின்னும் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும்.

உருள்வெட்டி, அதற்குரிய வெட்டு விரிப்பு, ஒளி ஊடுருவும் அளவுகோல், தையல் எந்திரம், மெல்லிய பருத்தி நூல், குண்டூசிகள், தையல் பிரிக்கும் கருவி ஆகியன பொதுவான தேவைகள். உருள்வெட்டியின் அலகு மிகக் கூரியது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதன் காப்பை மூட வேண்டும். உடலை நோக்கி வெட்டக் கூடாது.

நிறத் தேர்வில், நிறத்தை விட அதன் வெளிர்மையும் அடர்த்தியும் முக்கியமானவை. வெளிர், இடைநிலை, அடர் என்னும் மூன்று நிலைகளில் துணிகள் இல்லையெனில் வடிவம் கண்ணுக்குப் புலப்படாது. வெவ்வேறு வடிவங்களைக் கொண்ட மாதிரிக் குயில்ட்டில், சில துணிகளை எல்லாக் கட்டங்களிலும் திரும்பப் பயன்படுத்துவதே முழுமைக்கும் ஒற்றுமையைத் தருகின்றது.

அளவும் துல்லியமும்

குயில்ட் வேலையில் தையலுக்கு வெளியே விடப்படும் துணியின் அகலம் 1/4 அங்குலம். இது தையல் விளிம்பு எனப்படும். இணைத்து முடிந்த பின் 4 அங்குலமாக நிற்க வேண்டிய சதுரத்தை 4 1/2 அங்குலமாக வெட்ட வேண்டும். முக்கோணங்களின் கூர்மூலைகளில் தையல் விளிம்பு கூடுதல் நீளத்தை எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கான கணக்கு வேறுபடும்.

* சதுரம்: முடிவளவுடன் 1/2 அங்குலம் கூட்டப்படும்.
* பாதிச் சதுர முக்கோணம்: முடிவளவுடன் 7/8 அங்குலம் கூட்டிய சதுரத்தை ஒரு மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும்.
* காற்சதுர முக்கோணம்: முடிவளவுடன் 1 1/4 அங்குலம் கூட்டிய சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும்.

இதன்படி 12 அங்குல ஒகையோ விண்மீனுக்குச் சதுரங்கள் 4 1/2 அங்குலமாகவும், முக்கோணங்களுக்கான சதுரங்கள் 5 1/4 அங்குலமாகவும் வெட்டப்படும்.

தையல் விளிம்பில் நேரும் பிழை சிறியதாயினும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரக்கூடியது. குறுக்கே ஆறு துண்டுகளைக் கொண்ட கட்டத்தில் ஐந்து தையல்கள் இருக்கும். ஒவ்வொரு தையலும் 1/16 அங்குலம் அதிகமாக எடுத்தால், தையலின் இரு பக்கமும் சேர்ந்து 1/8 அங்குலம் குறையும். ஐந்து தையல்களிலும் சேர்த்து 5/8 அங்குலம் குறைந்துவிடும். அதே பிழையுடன் தைத்த ஒன்பது துண்டுக் கட்டத்தில் இரண்டே தையல்கள் இருப்பதால் 1/4 அங்குலம் மட்டுமே குறையும். தனித்தனியே பார்க்கும்போது இவ்விரு கட்டங்களும் சரியாகவே தோன்றும். அருகருகே வைத்துத் தைக்க முற்படும்போதுதான் அவற்றின் வேறுபாடு வெளிப்படும். ஒரே வடிவம் திரும்ப வரும் குயில்ட்டில் எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோலவே சுருங்குவதால் இப்பிழை மறைந்துபோக வாய்ப்புண்டு. மாதிரிக் குயில்ட்டில் அது மறையாது.

தையல் விளிம்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 1 1/2 அங்குல அகலமுள்ள மூன்று பட்டிகளை இணைத்து அழுத்திய பின், நடுப்பட்டி சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் 3 1/2 அங்குலமும் இருக்க வேண்டும். தையலை மடித்து அழுத்தும்போது துணியின் தடிப்பும் சிறிது இடத்தை எடுத்துக்கொள்கின்றது. இதனால் பலர் 1/4 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தைப்பர். தையல்களை எதிரெதிர்ப் பக்கமாக மடித்து அழுத்தினால், இரு வரிசைகளை இணைக்கும்போது அவை ஒன்றோடொன்று பொருந்தி நின்று மூலைகள் விலகாமல் காக்கும்.

கட்டங்களை இணைத்தல்

முடிந்த கட்டங்களுக்கிடையே வைத்துத் தைக்கும் துணி இடைப்பட்டி எனப்படும். மாதிரிக் குயில்ட்டில் இதற்கு இரண்டு பயன்கள் உள்ளன. வேறுபட்ட வடிவங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றது. அத்துடன், ஒரு கட்டத்தின் முனைகளை அடுத்த கட்டத்தின் முனைகளோடு பொருத்தும் தேவையை நீக்குகின்றது.

பன்னிரண்டு கட்டங்களை மூன்று நிரல்களாகவும் நான்கு வரிசைகளாகவும் அமைத்து, 3 அங்குல இடைப்பட்டியும் 6 அங்குலக் கரையும் வைத்தால் குயில்ட் 60 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் கொண்டிருக்கும். வெளிப்பக்கம் உட்பட இதற்கு 31 இடைப்பட்டித் துண்டுகளும், அவை சந்திக்கும் இடங்களில் வைக்க 20 சிறு சதுரங்களும் தேவைப்படும்.

கட்டங்களை மூலை மேலாகச் சாய்த்து வைத்தால் 12 அங்குலக் கட்டம் குறுக்கே ஏறத்தாழ 17 அங்குல இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது பக்க முக்கோணங்களுக்கு 18 1/4 அங்குலச் சதுரத்தை நான்காகவும், மூலை முக்கோணங்களுக்கு 9 3/8 அங்குலச் சதுரத்தை இரண்டாகவும் வெட்ட வேண்டும்.

அளவு குறைந்த கட்டத்தைச் சுற்றி மெல்லிய பட்டி ஒன்றைத் தைத்து, தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்வது வழக்கமான தீர்வாகும். அளவு கூடிய கட்டத்தை வெட்டினால் முக்கோண முனைகள் இழக்கப்படலாம். ஆகவே அதன் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பதே சிறந்தது. கரைத்துணியை வெட்டும்போது குயில்ட்டின் விளிம்பை அளக்காமல் அதன் நடுப்பகுதியை அளக்க வேண்டும். விளிம்பு இழுபட்டு நீண்டிருக்கக்கூடும் என்பதே இதன் காரணம்.

அடுக்குத் தையலும் விளிம்பும்

அடித்துணியும் பஞ்சுப் படலமும் மேல்துணியை விட ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 அங்குலம் பெரியதாக வெட்டப்படுகின்றன. அடித்துணியை இறுக்கமாக விரித்து, மற்ற இரண்டையும் அதன்மேல் பரப்பி, தற்காலிக இழையோட்டத்தாலோ வளைவு ஊக்குகளாலோ பிணைப்பர். பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி அடுக்குத் தையல் இடப்படும். கையால் தைப்போர் குட்டையான ஊசியையும் விரற்கவசத்தையும் பயன்படுத்துவர். தொடக்கநிலையில் தையல்கள் சிறியனவாக இருப்பதை விடச் சீராக இருப்பதே முக்கியம் எனக் கற்பிக்கப்படுகின்றது.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைத்து முடித்த பின்னர் அவற்றை இணைக்கும் முறையும் உண்டு. வீட்டு எந்திரத்தின் சிறிய இடைவெளியில் பெரிய போர்வையைத் திணிக்க வேண்டியதில்லை என்பதால் தொடக்கநிலையாளர்களுக்கு இது ஏற்றது.

இறுதியில் நான்கு விளிம்புகளையும் மூடி விளிம்புப் பட்டி தைக்கப்படும். 2 1/2 அங்குல அகலமுள்ள பட்டியை நீளவாட்டில் இரண்டாக மடித்துத் தைப்பதால் தேய்மானம் மிகுந்த விளிம்பில் துணி இரு அடுக்காக நிற்கும். மேற்கூறிய 60 அங்குலம் பெருக்கல் 75 அங்குலக் குயில்ட்டின் சுற்றளவு 270 அங்குலம். மூலை மடிப்புக்கும் இணைப்புகளுக்கும் கூடுதல் நீளம் வேண்டியிருப்பதால், 40 அங்குல அகலத் துணியில் குறுக்கே வெட்டிய எட்டுப் பட்டிகள் இதற்குப் போதுமானவை.

நிறைகளும் குறைகளும்

ஒரே வேலையில் பல நுட்பங்களை அறிந்து, தமக்கு எது பிடிக்கின்றது, எது கைவருகின்றது என்பதைக் கற்பவர் கண்டுகொள்ள முடிவது இம்முறையின் முதன்மையான நிறை. ஒவ்வொரு கட்டமும் சிறியதாதலால் ஒன்று பிழையானாலும் இழப்பு குறைவு. தனியே கற்பவரும் தமது முன்னேற்றத்தை அளந்து பார்க்கலாம்.

மறுபுறம், ஒரு நுட்பத்தை ஒரு முறை மட்டும் செய்வதால் அது அறிமுகமாகுமே தவிரக் கைப்பழக்கம் ஆகாது. வளைவுத் தையலில் ஒருவர் தேர்ச்சி பெறுவது பல வளைவுகளைத் தைத்த பின்னரேயாகும். இதனால் சில ஆசிரியர்கள் முதலில் ஒரே கட்டத்தைப் பலமுறை தைக்கச் செய்து, அதன் பின்னரே மாதிரிக் குயில்ட்டுக்கு வருகின்றனர். வேறு சிலர் ஒவ்வொரு வடிவிலும் இரண்டு கட்டங்களைத் தைக்கச் செய்து, இரண்டில் சிறந்ததைப் போர்வையில் சேர்க்கின்றனர். கடினமான கட்டம் ஒன்றில் மனம் தளர்ந்து முழு வேலையையும் கைவிடுவதும் உண்டு. அத்தகைய நிலையில் அதனைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குச் செல்வது பரிந்துரைக்கப்படுகின்றது. பன்னிரண்டுக்குப் பதிலாக ஒன்பது கட்டங்களுடன் முடித்தாலும் அது முழுமையான குயில்ட்டே ஆகும்.

எனினும் எல்லாக் கட்டங்களிலும் மாறாமல் திரும்ப வருவது ஒன்று உண்டு. அது 1/4 அங்குலத் தையல் விளிம்பு. பன்னிரண்டு கட்டங்களையும் முடிப்பதற்குள் கற்பவர் அதனை நூற்றுக்கணக்கான முறை தைத்திருப்பார். நுட்பங்கள் பலவானாலும் மாதிரிக் குயில்ட் உண்மையில் பழக்குவது இந்த ஒரு துல்லியத்தையே எனலாம்.

மறைகுறிச் செய்தி பற்றிய கதை

1999 இல் சாக்குலின் தோபின், ரேமண்ட் தோபார்டு ஆகியோர் எழுதி வெளியான "இடன் இன் பிளெயின் வியூ" என்னும் நூல், அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்தோர் தப்பிச் செல்வதற்கான குறிப்புகள் குயில்ட் வடிவங்களில் மறைத்து வைக்கப்பட்டன என்றும், ஒரு மாதிரிக் குயில்ட்டைக் கொண்டு அக்குறிப்புகள் கற்பிக்கப்பட்டன என்றும் கூறியது. ஒரு குடும்பத்தின் வாய்மொழிச் செய்தியை அடிப்படையாகக் கொண்ட இக்கருத்து பள்ளிப் பாடங்கள் வரை பரவியது. ஆயினும் குயில்ட் வரலாற்றாளர்களும் அடிமைமுறை வரலாற்றாளர்கள் பலரும் இதனை ஏற்கவில்லை. தப்பி வந்தோர் விட்டுச்சென்ற தன்வரலாறுகளிலும் நேர்காணல்களிலும் இத்தகைய குறிமுறை காணப்படவில்லை. அக்காலத்தைச் சேர்ந்த அத்தகைய குயில்ட் எதுவும் கிடைக்கவும் இல்லை. கூறப்படும் வடிவங்களுள் சில அக்காலத்தில் வழங்கியமைக்கும் சான்று இல்லை.

பெயர்த்துண்டு

பழைய குயில்ட்டுகளில் மிகப் பலவற்றைச் செய்தவர் யார் என்பது அறியப்படவில்லை. வீட்டுப் பொருளாகக் கருதப்பட்டதால் அவற்றில் பெயர் எழுதப்படவில்லை. சேன் இசுட்டிக்கிலின் பெயர் இன்று பல நாடுகளில் வழங்குவதற்கு, அவர் குயில்ட்டின் மூலையில் எழுதிய சில சொற்களே காரணம். இக்கால வகுப்புகளில் மாதிரிக் குயில்ட்டின் கடைசிப் பாடமாகப் பெயர்த்துண்டு தைக்கக் கற்பிக்கப்படுகின்றது. அழியாத மையால் செய்தவரின் பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு ஆகியவற்றை ஒரு சிறு துணியில் எழுதி, அடித்துணியின் கீழ்மூலையில் தைப்பர். அடுக்குத் தையலுக்கு முன்னரே இத்துண்டை அடித்துணியில் தைத்துவிட்டால் பின்னாளில் அதனைப் பிரித்தெடுப்பது அரிது.

இவற்றையும் பார்க்க

* ஒட்டுத்துணி வேலை
* பூத்தையல்
* சீட்டித் துணி
* தையல் எந்திரம்
* பருத்தி